எந்த முகத்தோடு தங்கை வீட்டுக்குப் போவேன்?

கேள்வி: போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 44 வயது. சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போய் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவோம். என் அம்மா பக்கவாதம் வந்து தங்கை வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிப்பதில் எனக்கும் தங்கைக்கும் பெரிய சண்டை, இரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் மட்டும் அனுப்பிவிடுகிறேன். போன மாதம் தங்கை, "பணம் யாருக்கு வேணும், ஒரு நாள் வந்து இருந்து பாரு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். எனக்கு அவள்மேல் துளியும் பாசம் வரவில்லை. அன்பில்லாமல் போய் நின்றால் அது மாய்மாலம்தானே? ஆண்டவர் முதலில் என் உள்ளத்தில் அன்பைத் தரட்டும், அப்புறம் போகலாம் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று போய் நின்றால் வீட்டு விஷயத்திலும் அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டி வருமோ என்ற பயமும் இருக்கிறது. கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே ரட்சிப்பு என்றுதானே படிக்கிறோம்? பிறகு ஏன் என் மனசாட்சி இப்படிக் குத்துகிறது?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், போங்கள். இந்த வாரமே போங்கள். அன்பு வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தீர்களானால் அம்மாவின் காலம் முடிந்துவிடும், நீங்கள் அப்போதும் ஜெபித்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.

பல விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஒரு எண்ணம்தான். அன்பு முதலில் உள்ளத்தில் ஊற வேண்டும், ஊறி நிரம்பிய பிறகுதான் கையும் காலும் அசைய வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவேளை எங்களைப் போன்ற போதகர்களாகவே இருக்கலாம், மேடையில் உருகிப் பேசும்போது அப்படித்தான் கேட்கிறவர்கள் காதில் விழும். வேதத்தில் இந்த வரிசை இல்லை.

"நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் 14:15-ல் இருக்கிறது. இயேசு இதைச் சொன்னது பிடிபடுவதற்கு முந்தின சில மணி நேரத்தில். அதே ராத்திரியில்தான் இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். யூதாஸ் அப்போது அந்த அறையை விட்டுப் போயிருக்கவில்லை, அவனுடைய கால்களையும் சேர்த்துத்தான் கழுவினார். அவன் எழுந்து வெளியே போன பிறகுதான், "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்ற புதிய கட்டளை வருகிறது. கட்டளை என்பதைக் கவனியுங்கள். உணர்ச்சியை யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. "தங்கையைப் பார்த்ததும் உனக்குப் பாசம் பொங்க வேண்டும்" என்று உத்தரவு போட்டால் அதை யாரால் நிறைவேற்ற முடியும்? கழுவு, கொடு, சுமந்துகொள், விட்டுக்கொடு என்றால் முடியும். மாட்டேன் என்று சொல்லவும் முடியும், அதனால்தான் அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதை நாம் வசன அட்டையில் அச்சடித்துத் தனியாக மாட்டிவைத்துவிட்டோம், அது அங்கே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மறந்துபோய்விட்டது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்திருக்காதே. செவிடனைத் திட்டாதே, குருடன் போகிற வழியில் தடுக்கலை வைக்காதே. இவை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்த 18-ஆம் வசனம். கொஞ்சம் தள்ளிப்போனால் சரியான தராசும் சரியான படியும் உனக்கு இருக்க வேண்டும் என்று வருகிறது. அன்பு என்றால் வயலோரக் கதிரும் கூலியும் படிக்கல்லும் என்று புரிந்துகொண்ட ஜனங்களிடம்தான் அந்த வார்த்தை முதலில் சொல்லப்பட்டது. இயேசு அதை எடுத்துக் கையாண்டபோதும் சாறு பிழிந்து உணர்ச்சியாக்கிவிடவில்லை. நல்ல சமாரியன் கதையில் வருவது எண்ணெய், திராட்சரசம், காயக்கட்டு, தன் சொந்த வாகனம், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம். அவன் மனதுருகினான் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, என்னவெல்லாம் செய்தான் என்பதைத்தான் லூக்கா விரித்து எழுதுகிறார்.

சரி, மாய்மாலத்துக்கு வருவோம்.

மத்தேயு 6-ல் மாயக்காரர் என்று இயேசு யாரைச் சொல்கிறார்? மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களை, தர்மம் செய்யும்போது தாரை ஊதுகிறவர்களை. பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்வதுதான் மாய்மாலம். நீங்கள் போகப்போவது யாரும் கைதட்டாத, மருந்து நெடி அடிக்கிற ஒரு அறைக்கு. பிடிக்காத காரியத்தை ஆண்டவர் சொன்னார் என்பதற்காகச் செய்வது வேடம் கிடையாது. கெத்செமனேயில், "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தவருக்கும் அந்தப் பாத்திரம் விருப்பமானதாக இருக்கவில்லை, நீங்கும்படிதான் கேட்டார். அவரை மாயக்காரர் என்று சொல்வோமா? மத்தேயு 21-ல் இரண்டு மகன்களைப் பற்றி ஒரு சின்ன உவமை இருக்கிறது. ஒருவன் "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இன்னொருவன் "மாட்டேன்" என்றான், அப்புறம் மனஸ்தாபப்பட்டுப் போனான். அவன் திராட்சத்தோட்டத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தானா, சிரித்துக்கொண்டு செய்தானா என்று இயேசு சொல்லவே இல்லை. தகப்பனின் சித்தப்படி செய்தவன் யார் என்று மட்டும்தான் கேட்டார்.

ஆனால் ஒன்று. வாசலில் நின்று, "உன்னை நினைக்காத நாளில்லை" என்று சொன்னீர்களானால் அது பொய், அதைச் சொல்லாதீர்கள். உண்மையாக இருப்பதைச் சொல்லுங்கள், போதும். அது எது என்று பின்னால் சொல்கிறேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நீங்கள் யாருடைய அம்மாவின் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் அம்மாவின் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். மாற்கு 7-ல் இயேசு பரிசேயரைப் பிடித்த பிடி இதுதான். தகப்பனுக்கும் தாய்க்கும் சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்தியின் பெயரால் கற்பனையைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். நீங்கள் கணக்குப் போட்டு அப்படிச் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்நியரிடம் அன்பு காட்டுவது சுலபம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள், பழைய கணக்கு எதுவும் நடுவில் கிடக்காது. கூடப் பிறந்தவளிடம் இந்த வசதி எதுவும் கிடையாது. "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் எழுதியபோது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறவரிடம்தான் இது கஷ்டம் என்று தெரிந்தேதான் எழுதியிருப்பார்.

நீங்கள் அனுப்புகிற பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை, மருந்துக்கும் மற்றதற்கும் அது வேண்டும், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தங்கையின் செய்தியை இன்னொரு முறை படியுங்கள். நீங்கள் அதில் கோபத்தைப் பார்க்கிறீர்கள், எனக்கு அதில் தூக்கமில்லாத ஒரு பெண் தெரிகிறாள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களைப் படுக்கைப்புண் வராமல் காக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வது வழக்கம், ராத்திரியிலும்தான். பதினொரு மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு. ஒவ்வொரு தடவையும் விரிப்பு நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்றி, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும், அந்தச் சுருக்கம்கூட முதுகுத் தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவராக இருந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய், இல்லையென்றால் புரை ஏறி நெஞ்சுக்குள் போய்விடும். ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் பிடிக்கும். இதையெல்லாம் தனியாகச் செய்துகொண்டிருக்கிற ஒருத்தி, "பணம் யாருக்கு வேணும்" என்று எரிந்து விழுந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆகவே உங்கள் விஷயத்தில் கட்டளை மிகத் தெளிவாக இருக்கிறது. அவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுங்கள். உங்கள் உள்ளத்தில் இப்போது என்ன இருக்கிறதோ அது இருந்துவிட்டுப் போகட்டும்.

போவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்புங்கள், திடுதிப்பென்று போய் நிற்காதீர்கள். "சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன், ராத்திரி அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு. எப்படிச் செய்யணும்னு மட்டும் சொல்லிக்கொடு." இவ்வளவுதான், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வாசலில் நின்று, "நான் உன்னை மன்னித்துவிட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் தன்மேல் தப்பு இருப்பதாகவே நினைக்காமல் இருக்கலாம், அந்த ஒரு வாக்கியமே இரண்டு வருடச் சண்டையை மறுபடி கூட்டிவிடும். அந்த அறையில் விவரம் தெரிந்தவள் அவள்தான். எப்படிப் புரட்டுவது, தலையணையை எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கேட்டுச் செய்யுங்கள். ஏன் இப்படிச் செய்கிறாய், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேறு மாதிரி செய்வார்களே என்று முதல் நாளே யோசனை சொல்லிவிடாதீர்கள். ஊழியத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வாய் கொஞ்சம் கூடுதல்தான், குறைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கொட்டித் தீர்த்தால்? கேட்டுக்கொண்டிருங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் சொல்லும்போது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானதா என்று முதலில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போ என்று இல்லை. உங்கள் பக்கம் இருக்கும் தப்பு மட்டும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அம்மாவைப் பார்க்க வராதது ஒன்று போதும், அதற்கு "ஆனால்" சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள்.

போன பிறகாவது பாசம் வருமா? தெரியாது, வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காகச் சிறைப்பட்ட டச்சுக் கிறிஸ்தவப் பெண் கோரி டென் பூம் கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ராவன்ஸ்ப்ரூக் நாஜி முகாமில் அவருடைய அக்கா பெட்சி 1944-ல் இறந்துபோனார். 1947-ல் முனிக் நகரில் கோரி பேசி முடித்ததும், அந்த முகாமில் காவலாளியாக இருந்த ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினார். பிரசங்கங்களில் அதற்கு மேல் கோரிக்குள் பாய்ந்த அன்பைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தின கட்டம். உள்ளுக்குள் சில்லென்று இருந்தது, உணர்ச்சி ஒன்றுமே இல்லை, கையை மட்டும் எந்திரம்போல நீட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கை முதலில் போனது. அவருக்கு உடனே அன்பு வந்தது, உங்களுக்கு ஆறு மாதம் ஆகலாம், எரிச்சல் குறைந்து ஒரு பரிவு மட்டும் மிஞ்சலாம், அதுவும் நல்லதுதான். தொடர்ந்து ஒருவருக்குத் தொண்டு செய்துகொண்டே அவரை முழு மூச்சாக வெறுப்பது கஷ்டம் என்பதை மட்டும் ஆலோசனைக்கு வருகிற குடும்பங்களில் நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு விஷயத்தைத் தனியாக வையுங்கள், உங்கள் பயம் நியாயமானதுதான். மன்னிப்பு வேறு, பாகப்பிரிவினைப் பத்திரம் வேறு. இயேசுவிடமே ஒருவன் வந்து, ஆஸ்தியை எனக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டபோது, என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டுப் பொருளாசையைப் பற்றி எச்சரித்தார் (லூக்கா 12). அவரே தீர்க்க மறுத்ததை நான் தீர்க்கப்போவதில்லை. இரண்டு பேரும் நம்புகிற ஒரு பெரியவரோ வழக்கறிஞரோ முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கேட்பது அன்புக்கு விரோதம் கிடையாது. நான் மேலே சொன்ன லேவியராகமம் 19:18-க்கு முந்தின வசனமே, சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்றுதான் சொல்கிறது. மனசுக்குள் வைத்துப் புழுங்குவதைவிட முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதும் அன்பில் சேர்த்திதான். அதே நேரம், தனியாக இந்தப் பாரத்தைச் சுமந்தவளுக்குப் பங்கில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று நீங்களாக யோசிப்பீர்களானால் நான் தடுக்க மாட்டேன். அது உங்கள் இஷ்டமாக இருக்கட்டும், மிரட்டலுக்குப் பயந்ததாக இருக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற வேறு யாராவது, அடிக்கிற புருஷனுக்கும் ஏமாற்றுகிற உறவினருக்கும் எல்லாவற்றிலும் தலையாட்டுவதுதான் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் கீழ்ப்படிவது கிறிஸ்துவுக்கு. அடி வாங்குகிற வீட்டிலிருந்து முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

கடைசியாகக் கிருபையும் கிரியையும். எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிற நம்மில் பலர் பத்தாம் வசனத்துக்குப் போவதில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்குக் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அங்கே இருக்கிறது. விசுவாசத்தினாலே மாத்திரம் என்று உரக்கச் சொன்ன மார்ட்டின் லூத்தர், 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்கிற யாக்கோபு நிருபத்தை "வைக்கோல் நிருபம்" என்றே தள்ளிப் பேசினார். ஆனால் அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையைப் பாருங்கள். விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நல்ல கிரியைகளைச் செய்யலாமா என்று அது கேட்பதில்லை, கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்கிறார். வார்த்தைக்கு வார்த்தை யாக்கோபு சம்மதித்திருப்பார். 1999 அக்டோபர் 31-ல் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனமும், நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்கிரியை அதன் கனியாகப் பின்னால் வருகிறது என்றுதான் சொல்கிறது. நானூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டவர்களே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். தங்கை வீட்டுக்குப் போய் நீங்கள் ரட்சிப்பைச் சம்பாதிக்கப்போவதில்லை, அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மனசாட்சி குத்துவதற்குப் பயப்படாதீர்கள். உங்களுக்குள் இருக்கிற விசுவாசம் செத்துப்போகவில்லை, அதனால்தான் குத்துகிறது.

ஆஸ்பத்திரி ஊழியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே, இரண்டு சனிக்கிழமை அம்மாவோடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஊழியக் குழுத் தலைவரிடம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று காரணத்தை நேராகவே சொல்லுங்கள். ஜெபக்குழுவில் மட்டும் இதை இப்போதைக்குச் சாட்சியாகச் சொல்ல வேண்டாம், தங்கைக்குக் காதில் விழுந்தால் தன்னை வைத்துப் பேர் வாங்குகிறாள் என்று நினைப்பாள், அப்படி நினைத்தால் அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது. முதல் சனிக்கிழமைக்கு உங்களுக்குப் பதிலாக ஆள் கிடைக்கவில்லை என்றாலும் கிளம்பிவிடுங்கள். ஒரு வாரம் அந்த வார்டு நீங்கள் இல்லாமல் சமாளித்துக்கொள்ளும்.